துள்ளும் குதிரையை வட்டமாக ஓடவிடாதீர்கள்

"காய ஓய்வு முடிந்து வரும் குதிரை துள்ளினால், நீளக் கயிற்றில் வட்டமாக ஓடவிட்டுத் தெம்பைத் தீர்த்துவிடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆரோக்கியமான குதிரைக்குச் சரி. காலில் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) காயம் பட்ட குதிரைக்கு இது ஆபத்து, தயவுசெய்து செய்யாதீர்கள்.

சிறிய வட்டத்தில் வேகமாக ஓடும்போது பாரம் கால்களில் சமமாக விழாது. மூட்டும் தசைநாணும் பக்கவாட்டில் முறுக்கப்படும். நொண்டல் நின்றதால் காயம் ஆறிவிட்டது என்றும் ஆகாது. பெரிய தசைநாண் காயம் வலுப்பெற 9 முதல் 12 மாதம், சில சமயம் அதற்கு மேலும் பிடிக்கும். ஒரே ஒரு பாய்ச்சல் அத்தனை மாத ஓய்வையும் வீணாக்கிவிடலாம்.

முதலில் தீவனத்தைப் பாருங்கள். லாயத்திலேயே நிற்கும் குதிரைக்குத் தானியத்தைக் குறைத்து உலர்புல்லைக் கூட்டுங்கள். அப்புறம் கடிவாளம் பூட்டி, நீங்கள் ஹெல்மெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு, சமமான கெட்டித் தரையில் நேராக நடத்துங்கள். அதிலும் அடங்கவில்லையா? அசெப்ரோமசின் போன்ற அமைதி மருந்து பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், இதில் தயக்கமே வேண்டாம். காயடிக்காத ஆண் குதிரை என்றால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். அப்படிப்பட்ட குதிரைக்கு இந்த மருந்தைக் கொடுப்பதில் பக்கவிளைவு பற்றிய எச்சரிக்கை உண்டு. நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாற்றுவதை ஸ்கேன் பார்த்த பிறகு அவரே முடிவு செய்யட்டும்.