தூக்குவாளி கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா?

என் அடுக்களை அலமாரியின் படத்தை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் யாராவது அனுப்பி வைத்திருப்பார்கள். நம் ஊரில் அந்தத் தொண்டுக்குக் குறைவில்லை. சிவப்பு மூடி போட்ட நான்கு பிளாஸ்டிக் டப்பாக்கள், அவற்றைச் சுற்றி ஒரு வட்டம், கீழே ‘படைப்புக்குத் தூக்குவாளி கொண்டு வரச் சொன்னவர் வீட்டு லட்சணம்’ என்று ஒரு வரி. பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் முப்பத்தாறு பேர் சிரித்திருக்கிறார்கள். உட்கார்ந்து எண்ணினேன்.

நான் கேட்டது என்ன? பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைக்கும் படைப்பு முடிந்து வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்பும் குழம்பையும் ரசத்தையும் கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் வளையம் போட வேண்டாம், ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து வாருங்கள் என்றேன். அவ்வளவுதான். என் வீட்டில் பிளாஸ்டிக்கே கிடையாது என்று எங்கே சொன்னேன்? யாராவது காட்டுங்கள்.

அந்த நான்கு டப்பாக்களில் இருப்பது மல்லி, மிளகாய் வற்றல், துவரம்பருப்பு, வெள்ளை உளுந்து. எல்லாம் காய்ந்த சாமான்கள். சூடும் புளிப்பும் எண்ணெயும் சேரும் இடத்தில்தான் பிளாஸ்டிக்கில் உள்ள வேதிப்பொருள்கள் உணவில் அதிகமாக இறங்கும். புளிக்குழம்பில் இந்த மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. உளுந்து டப்பாவில் ஒன்றுகூட இல்லை. இந்த வித்தியாசம் புரியாதவர்களா நம் பங்காளிகள்? வட்டிக் கணக்கைக் காலணா பிசகாமல் போட்ட வம்சம் அல்லவா இது!

இது நான் கண்டுபிடித்த சட்டமும் இல்லை. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், தூக்குப் பை, உறிஞ்சுகுழல் உட்பட 14 வகைப் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. காரைக்குடியில் எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் போய் ஒரு சாம்பார் பார்சல் கேட்டுப் பாருங்கள், தடை எப்படி இருக்கிறது என்று தெரியும். அவர்களை யாரும் படம் எடுக்கவில்லை.

இன்னொரு பக்கத்திலிருந்தும் அடி விழுந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஒரு பிள்ளை, ‘ஒட்டாத தோசைக்கல் வைத்திருக்கிறீர்களே, முதலில் அதைத் தூக்கி எறியுங்கள், மிக்சி ஜாடி மூடியையும் மாற்றுங்கள்’ என்று பட்டியல் அனுப்பியிருக்கிறது. அப்பா, அந்தக் கல்லை வெறுமனே காயவிடுவதில்லை, இரும்புக் கரண்டி படவிடுவதில்லை. கீறல் விழுந்தால் மாற்றிவிடுவேன். அதற்குமேல் என்னால் ஆகாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் எறிந்துவிட்டுப் பத்தாம் நாள் அலுத்துப்போய்ப் பழைய வழிக்கே திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

‘அந்தக் காலத்தில் எல்லாம் பித்தளை, ஒரு நோய் உண்டா?’ என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். உண்டு ஐயா. ஆயா வீட்டில் வருஷத்துக்கு ஒருமுறை ஈயம் பூசுகிறவர் வருவார். வாசலில் குழி வெட்டித் துருத்தி வைத்து, பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைப் போட்டதும் குப்பென்று வெள்ளைப் புகை எழும்பும். பிறகு துணியால் ஒரு சுற்று இழுப்பார். மஞ்சள் உட்புறம் நிலா மாதிரி ஆகிவிடும். ஒரு வருஷம் அவர் வரவில்லை. பூச்சுத் தேய்ந்த சட்டியில் வைத்த புளிக்குழம்பு இராத் தங்கிவிட்டது. மறுநாள் அதைச் சாப்பிட்ட பிள்ளைகள் நான்கு பேர் முற்றத்தில் வரிசையாக வாந்தி எடுத்தோம். புளி பட்டால் பித்தளையில் உள்ள செம்பு கரையும், சட்டியின் ஓரத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. பூசுகிறவர் மலிவுக்காக வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்துவிட்டால் அது வேறு நஞ்சு. ஆயா பித்தளை முழுவதையும் விற்றுவிடவில்லை. அந்த ஒரு சட்டியை நெல் அளக்கப் போட்டார், புளிக்குழம்பை மண்சட்டிக்கு மாற்றினார், அப்புறம் அதைப்பற்றிப் பேசவே இல்லை.

‘காற்றே நஞ்சு, காய்கறியே நஞ்சு, ஒரு பையை நிறுத்தி என்ன ஆகப்போகிறது?’ இந்தக் கேள்வி மட்டும் என்னையும் இராத்திரியில் குடைவதுண்டு. சந்தையில் வாங்கும் கத்திரிக்காயில் என்ன தெளித்தார்கள் என்று எனக்குத் தெரியாது; கழுவலாம், வேறென்ன செய்வது? ஆனால் கொசுவத்தி என் கையில் இருக்கிறது. ஒரு சுருள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்த பிறகு, படுக்கும் அறையில் வலைதான். விருந்தாளி வந்தால் முற்றத்தில் இப்போதும் ஏற்றுகிறேன். வேண்டுமானால் அதையும் வந்து படம் எடுங்கள்.

‘வசதி உள்ளவர்கள் பேசும் பேச்சு’ என்றவருக்குப் பதில் சொல்லப்போவதில்லை. தூக்குவாளி என்ன தங்கத்திலா செய்கிறார்கள்?

உண்மையான தடை எது என்று எனக்குத் தெரியும். பையென்றால் குப்பையில் போட்டுவிடலாம், பாத்திரத்தை யாராவது தேய்க்க வேண்டும். அந்த முப்பத்தாறு பேரில் ஆண்கள் முப்பத்தோரு பேர். அதில் எத்தனை பேர் வாழ்நாளில் ஒரு கரண்டியாவது கழுவியிருப்பார்கள்? வாதத்தை விட்டு எங்கோ போகிறேன் என்பீர்கள். போகிறேன்தான். முப்பது வருஷமாக அந்தப் படைப்பு வீட்டின் இரண்டாங்கட்டில் அண்டா தேய்த்தவள் நான். அங்கே ஒருநாளும் யாரும் கேமராவோடு வந்ததில்லை.

படம் எடுத்தவர் எனக்குக் கொழுந்தன் முறை. ‘அண்ணமிண்டி, காபி கிடைக்குமா?’ என்று உரிமையாக அடுக்களைவரை வந்தவர். டிகாக்‌ஷன் இறங்கும்வரை நின்று பேசிக்கொண்டிருந்தார். படத்தின் இடது ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆவி பறக்கும் ஒரு எவர்சில்வர் டம்ளர் தெரியும். அவருக்காக ஆற்றி வைத்த காபி.

என் கல்யாணத்துக்குச் சாமான் பரப்பியபோது வந்த தூக்குகள் பரணில் நாற்பதுக்கு மேல் கிடக்கின்றன. இன்று காலை இருபத்திரண்டை இறக்கினேன். எனாமல் பெயர்ந்தவற்றை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைத் தேய்த்து வெயிலில் கவிழ்த்திருக்கிறேன். மூடியில் பெயின்டால் எண் போட்டாயிற்று. பாத்திரம் கொண்டு வர முடியாதவர்கள் படைப்பன்று பட்டாலைத் திண்ணையில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், மறுநாள் கழுவித் திருப்பிக் கொடுத்தால் போதும். கொழுந்தனாருக்கு 7ஆம் எண். மூடி கொஞ்சம் இறுக்கம், பார்த்துத் திறக்கச் சொல்லுங்கள்.