சிங்கப்பூரில் கப்பலேறும் கொழும்புக் குடும்பங்களுக்கு

குடும்பக் கப்பல் சுற்றுலாவில் பிள்ளைகளைச் சிறுவர் கழகத்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் ஓய்வெடுக்கலாம் என்று, இத்தகைய பயணம் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது சரியே. ஆனால் பெரும்பாலான கப்பல்களில் 3 வயது நிறைந்து, தாமாகக் கழிப்பறைக்குச் செல்லப் பழகிய பிள்ளைகளையே அங்கே சேர்ப்பார்கள் என்பதையும், 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளைப் பொதுவாகக் கப்பலில் ஏற்றுவதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் சென்று ஏறுவோர், கப்பல் பினாங்கையோ புக்கெட்டையோ தொடுமானால், கரையிறங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், இலங்கைக் கடவுச்சீட்டுக்குரிய மலேசிய, தாய்லாந்து விசா விதிகளை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது அவசியம். கப்பலேறும்போது ஒப்படைத்த பெட்டிகள் அறைக்கு வர மாலையாகிவிடலாம் என்பதால், மருந்தும் நீச்சலுடையும் கைப்பையிலேயே இருக்கட்டும். மற்றவர்கள் துறைமுகத்தில் இறங்கிச் சுற்றும் வேளையில் கப்பலிலேயே தங்கினால் நீச்சல் தடாகம் ஏறக்குறைய நமக்கே உரியது; அம்மம்மாவையும் தாத்தாவையும் அழைத்துச் செல்வோருக்கு, என் எண்ணத்தில், கரைச் சுற்றுலாவுக்குக் கொடுக்கும் காசைவிட அதுவே பயனுள்ளது.