இன்ஜெக்டரைத் தொடும் முன் பிளக்கைப் பாருங்கள்

இன்ஜினுக்குள் எரிபொருளைத் தூவும் இன்ஜெக்டரை ஒவ்வொரு 10,000 கிலோமீட்டருக்கும் கிளீனிங் செய்வது கட்டாயம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அது கொஞ்சம் ஓவர். என் பெட்ரோல் கார் 80,000 ஓடிய பிறகு சிக்னலில் நிற்கும்போது நடுங்க ஆரம்பித்தது, ஸ்டீயரிங்கில் கை வைத்தாலே தெரியும். சர்வீஸ் சென்டரில் வண்டியைச் சரியாகப் பார்க்காமலே இன்ஜெக்டர் அடைப்பு என்று பில் போடத் தயாராகிவிட்டார்கள். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் பெட்ரோலைப் பற்றவைக்கும் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிக் காட்டினார், ஒன்றில் வெள்ளைப் பீங்கான் கீறல் விட்டிருந்தது. நாலையும் மாற்றி, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் படிந்த கரியைத் துடைத்தார், அவ்வளவுதான், நடுக்கம் போயே போச்சு.

நிஜமாகவே அடைப்பு என்றால் முதலில் டேங்கில் ஊற்றும் கிளீனர் ஒரு பாட்டில் போதும். அதிலும் சரியாகவில்லையா, இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒலி அலையால் அழுக்கெடுக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போடச் சொல்லுங்கள், அப்புறம் நாலும் ஒரே அளவாக, புகை மாதிரி தூவுகிறதா என்று கண்ணாடிக் குழாயில் உங்கள் கண்முன்னே காட்டட்டும். திரும்ப மாட்டும்போது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் புதுசு போடணும், பழசையே போட்டால் பெட்ரோல் கசியும். காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் அமைப்பு) டீசல் வண்டிக்காரர்கள் தயவுசெய்து வீட்டில் ஸ்பேனர் எடுக்காதீர்கள், அந்தக் குழாயில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும்.