ரைட் 'ஃபால்ஸ்' என்று சொல்கிறது, கேட்க ஆளில்லை

இந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக அதே வரியைப் பார்க்கிறேன்: 'ஜாவாஸ்கிரிப்ட் ஹீப் அவுட் ஆஃப் மெமரி', அதாவது புரோகிராமுக்கு ஒதுக்கிய மெமரி (ஹீப்) தீர்ந்துவிட்டது. மூன்று தடவையும் வேறு வேறு புரோகிராம், எழுதியவர்களும் வேறு வேறு ஆட்கள். தப்பு மட்டும் ஒன்றே. ஒரு ஃபார் லூப், அதற்குள் ஸ்ட்ரீமுக்கு (தரவைத் துண்டு துண்டாகக் கடத்தும் குழாய்) ஒரு ரைட், அதாவது 'இந்தத் துண்டை எழுது' என்ற அழைப்பு. அந்த ரைட் திருப்பித் தரும் பதிலை ஒருவர்கூட வாங்கிப் பார்க்கவில்லை. வயிறு எரிகிறது, எழுதித்தான் தீரவேண்டும்.

நேற்று ராத்திரி நடந்ததையே சொல்கிறேன். ஒரு கோடி வரி கொண்ட சிஎஸ்வி ஃபைலை உருவாக்கும் வேலை. நோட் ஜேஎஸ்ஸில் (ஜாவாஸ்கிரிப்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் தளம்) ரைட் ஸ்ட்ரீமைத் திறந்து, லூப்பைச் சுற்றவிட்டு, ஒவ்வொரு வரியாக ரைட் செய்துகொண்டே போயிருக்கிறார் எழுதியவர். படித்துப் பார்த்தால் குறையே தெரியாது. ஒரு டெர்மினலில் அதை ஓடவிட்டேன், பக்கத்து டெர்மினலில் நொடிக்கொரு தரம் ஃபைல் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெமரி 500 எம்பி, 1 ஜிபி, 2 ஜிபி என்று ஏறிக்கொண்டே போகிறது. ஃபைல் அளவு 0. புரோகிராம் செத்து விழும்வரைக்கும் 0 பைட். ஒரு எழுத்துகூட டிஸ்குக்குப் போகவில்லை!

ஏன் போகவில்லை? ஃபைலைத் திறக்கும் வேலை பின்னால் வேறொரு த்ரெட்டில் (தனியாக ஓடும் வேலைச் சரடு) நடந்து முடிந்துவிடுகிறது. ஆனால் 'திறந்தாச்சு' என்ற சேதியை வாங்கிக்கொள்ள, வரும் சேதிகளை ஒவ்வொன்றாக எடுத்து நடத்தும் ஈவென்ட் லூப்புக்கு முறை வரவேண்டும். நம் ஃபார் லூப் அந்த முறையை விட்டுக்கொடுப்பதே இல்லை. அதனால் ஒரு கோடி வரியும், ஒவ்வொன்றும் ஒரு பஃபராக (பைட்களின் தொகுப்பு), அதற்கொரு குறிப்போடு, எழுதி முடிந்ததும் அழைக்கவேண்டிய ஃபங்ஷனான கால்பேக்கோடு, வரிசையில் போய் நின்றுகொள்கின்றன. அந்த வரிசை முழுக்க நம் மெமரியில்தான் இருக்கிறது. டிஸ்க் மெதுவாக இருந்து இது நடக்கவில்லை. டிஸ்குக்கு நாம் வேலையே கொடுக்கவில்லை.

இத்தனைக்கும் ஸ்ட்ரீம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டது. குவிந்த அளவு ஹைவாட்டர்மார்க் என்ற எல்லையைத் தொட்டதுமே ரைட் 'ஃபால்ஸ்' என்று பதில் தருகிறது. கொஞ்சம் நில், வரிசை காலியானதும் டிரெயின் என்று நான் கூப்பிடுவேன், அப்புறம் அனுப்பு என்று அதற்கு அர்த்தம். ஒரு வரிக்கு 100 பைட் என்றால், எல்லை 16 கேபியாக இருக்கும்போது 164ஆவது வரியிலேயே அந்தப் பதில் வந்திருக்கும். அதற்குப் பிறகு தொண்ணூற்றொன்பது லட்சத்துச் சொச்சம் தடவை அதே பதில். ஒருவரும் கேட்கவில்லை.

ஹைவாட்டர்மார்க் என்றால் அதற்கு மேல் ஏறாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அணையில் போட்ட கோடு மாதிரிதான் அது. கோட்டைத் தொட்டதும் தண்ணீர் தானாக நிற்காது, மதகை மூடவேண்டியவர் நாம். நோட்டின் ஆவணத்திலேயே இது தெளிவாக எழுதியிருக்கிறது. பத்து லட்சம் தடவை ரைட் செய்யும் உதாரணம் ஒன்றும் அங்கேயே இருக்கிறது. ஃபால்ஸ் வந்தால் நிறுத்து, டிரெயின் வந்தால் தொடர் என்று அப்படியே எழுதிக் காட்டியிருக்கிறார்கள். அதைப் படிக்காமல் எங்கேயோ கிடைத்த நான்கு வரியை நகலெடுத்துக் கொண்டுவந்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும்.

நோட் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. ஒரே ஈவென்ட்டுக்குப் பத்துக்கு மேல் லிஸ்னர் (அந்த ஈவென்ட் நடந்தால் ஓடும் ஃபங்ஷன்) சேர்த்துப் பாருங்கள், பதினொன்றாவதிலேயே 'மெமரி கசிவாக இருக்கலாம்' என்று எச்சரிக்கை வருகிறது. பதினொரு ஃபங்ஷனுக்கு எச்சரிக்கை! ஒரு கோடித் துண்டு வரிசையில் குவிந்து ஜிபி கணக்கில் மெமரியைத் தின்னும்போது ஒரு வரி எச்சரிக்கை கிடையாது. சாகும்போதுதான் சொல்கிறது. அந்த எச்சரிக்கையை இங்கே வைத்திருந்தால் எத்தனை பேருடைய ராத்திரித் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

சரி, செத்ததும் என்ன செய்கிறார்கள்? ஹீப் அளவைக் கூட்டுகிறார்கள். நேற்றுப் பார்த்த புரோகிராமின் ஸ்டார்ட் கட்டளையில் ஏற்கெனவே 4096 (எம்பி) என்று இருந்தது. பிழை வந்ததும் ஒருவர் அதை 8192 ஆக்கிவிட்டு 'ஃபிக்ஸ்டு' என்று எழுதி டிக்கெட்டை மூடியிருக்கிறார். ஓட்டைக் குடத்துக்குப் பதில் பெரிய ஓட்டைக் குடம். வரி ஒரு கோடி ஆனதும் அது திரும்பச் செத்தது, டிக்கெட் என்னிடம் வந்தது.

'ஸ்ட்ரீம் போட்டால் வேகம்' என்ற மந்திரம் வேறு. ஸ்ட்ரீம் தருவது, இத்தனை மெமரிக்குள் அடங்கி ஓடுவேன் என்ற உறுதி. அதுவும் நாம் அதன் பேச்சைக் கேட்டால்தான். வேகம் தனியாக உழைத்து வாங்கவேண்டிய விஷயம். ஒவ்வொரு சின்ன வரியையும் தனித்தனியாக ரைட்டுக்குக் கொடுத்தால், ஸ்ட்ரிங்கைப் பஃபராக மாற்றுவது, வரிசையில் குறிப்பு வைப்பது, கால்பேக்கை நினைவில் வைப்பது என்று வரிக்கு வரி செலவு. வரிசையில் சேர்ந்ததை மொத்தமாக ஒரே தடவையில் எழுத ஸ்ட்ரீம் முயல்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் அந்தச் செலவெல்லாம் ஆகிவிட்டது. வரிகளைச் சேர்த்து 64 கேபி ஆனதும் ஒரு ரைட் என்று வைத்துப் பாருங்கள். 100 பைட் வரி ஒரு கோடி என்றால், ஒரு கோடி அழைப்பு ஏறத்தாழ 15,000 அழைப்பாகச் சுருங்குகிறது. வரிகளைச் சேர்த்துவைக்க ஒரு அரேயும் அவற்றை ஒட்ட ஒரு ஜாயினும் போதும் இதற்கு.

இன்னொரு கூட்டம், ஃபைலின் கடைசியில் சேர்த்து எழுதும் அப்பெண்ட்ஃபைலை லூப்புக்குள் வைத்து, அது முடியும்வரை காத்திருக்க அவெய்ட் போடுகிறது. மெமரி ஏறாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வரிக்கொரு தடவை ஃபைலைத் திற, எழுது, மூடு. ஒவ்வொன்றும் த்ரெட்பூலுக்கு (பின்னணி வேலைக்கான த்ரெட்களின் கூட்டம்) போய்த் திரும்பவேண்டும். மூன்று கோடி நடை! அப்புறம் 'நோட் ஃபைல் விஷயத்தில் ஸ்லோ' என்று தீர்ப்பு.

அந்த த்ரெட்பூலைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. நெட்வொர்க் சாக்கெட்டை ஆபரேட்டிங் சிஸ்டமே கவனித்துச் சேதி சொல்லிவிடும். சாதாரணமாக ஃபைல் வேலை அப்படி நடப்பதில்லை, நோட்டுக்குள் இருக்கும் லிப்யூவி என்ற லைப்ரரி வைத்திருக்கும் த்ரெட்களில்தான் நடக்கிறது. யாரும் மாற்றாவிட்டால் அவை மொத்தம் 4. எத்தனை கோர் உள்ள சர்வராக இருந்தாலும் 4. கிரிப்டோவில் பாஸ்வேர்ட் ஹாஷ் போடும் வேலை, ஜிஸிப் சுருக்கம், ஹோஸ்ட் பெயரைத் தேடும் டிஎன்எஸ் லுக்கப் எல்லாம் அந்த நான்கையேதான் பங்குபோட்டுக்கொள்கின்றன. நூறு பேர் ஒரே நேரத்தில் லாகின் செய்தால் உங்கள் லாக் ஃபைல் எழுதுவது ஏன் திணறுகிறது என்று இப்போது புரிகிறதா? ஒரு என்விரான்மென்ட் வேரியபிளில் மாற்றிவிடலாம். அப்படி ஒன்று இருக்கிறது என்பதே பத்து வருட அனுபவம் உள்ளவர்களுக்குக்கூடத் தெரியவில்லை.

ஒரு ஸ்ட்ரீமை இன்னொன்றோடு இணைக்கும் பைப் பற்றி ஒரு வார்த்தை. நிறுத்துவதையும் தொடர்வதையும் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் படிக்கும் பக்கம் பிழை வந்தால் எழுதும் பக்கத்தை மூடாது, திறந்த ஃபைல்கள் சேர்ந்துகொண்டே போகும். பிழை வந்தால் மறுபக்கத்தையும் மூடிவிடும் பைப்லைன் 2018இலேயே, நோட் 10இல் வந்துவிட்டது. இன்னமும் புதிதாக எழுதும் கோடில் வெறும் பைப்பைப் பார்க்கிறேன்.

எங்கே நேரம் போகிறது என்று கண்டுபிடிக்க லூப்புக்குள் கன்சோல் லாக் போடுகிறவர்களுக்கும் ஒன்று: வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பியிருந்தால் அந்த லாக் ஒவ்வொன்றும் சிங்க்ரனஸ். எழுதி முடியும்வரை மொத்தப் புரோசஸும் நின்று காத்திருக்கும். அளக்கப் போட்ட கருவியே நேரத்தைத் தின்றுகொண்டிருக்கும்போது என்ன அளவு கிடைக்கும்?

நேற்று நான் மாற்றியது ஆறு வரி. வரிகளை 64 கேபி வரை சேர்த்தேன், ரைட்டின் பதிலைப் பார்த்தேன், ஃபால்ஸ் என்றால் டிரெயினுக்கு அவெய்ட் போட்டேன். பக்கத்து டெர்மினலில் ஃபைல் அளவு முதல் நொடியிலிருந்தே ஏற ஆரம்பித்தது. மெமரி ஒரே கோட்டில் நின்றது. காலையில் ரிவ்யூவில் வந்த முதல் கேள்வி: 'இவ்வளவு சிக்கல் தேவையா? மெமரியை 16 ஜிபி ஆக்கினால் போதாதா?' பதிலாக அந்த 0 பைட் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியிருக்கிறேன். 8192ஐயும் அந்தக் கட்டளையிலிருந்து எடுத்துவிட்டேன்.