ரோஹிதாசுக்குப் பதிலாக யாரும் இறங்கவில்லை

பெங்களூரு அல்சூர்ப் பக்கத்துத் தமிழ் ரசிகர்களிடையே ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஹாக்கி அரையிறுதியில் இந்திய அணியின் தடுப்பாட்டக்காரர் அமித் ரோஹிதாசை உட்கார வைத்துவிட்டு, அனுபவமில்லாத இளம் தடுப்பாட்டக்காரரைச் சேர்த்ததால்தான் ஜெர்மனியிடம் தோற்றோமாம். இது முழுப் பொய்.

காலிறுதியின் 17-வது நிமிடத்தில் ரோஹிதாசின் மட்டை பிரிட்டன் வீரர் வில் கால்னனின் முகத்தில் பட்டது. நடுவர் சிவப்பு அட்டை காட்டினார். மிச்ச நேரம் முழுக்கப் பத்துப் பேராக மல்லுக்கட்டி, 1-1 எனச் சமநிலையில் முடித்து, ஷூட்-அவுட்டில் 4-2 என வென்றோம். என்ன ஒரு தடுப்பாட்டம் அது!

சிவப்பு அட்டைக்காக ரோஹிதாசுக்கு ஓர் ஆட்டம் தடை, மேல்முறையீடும் எடுபடவில்லை. அவர் இடத்துக்குப் புதிதாக யாரும் வரவில்லை. 16 பேர் அணியில் மீதி 15 பேரோடுதான் அரையிறுதி ஆடி, 2-3 எனத் தோற்றோம். அந்தச் செய்தி குறைசொல்லும் இளம் தடுப்பாட்டக்காரர் தொடக்கம் முதலே அந்த அணியில் இருந்தவர்; அவர் மீது பழி போடுவது அநியாயம். அடுத்த ஆட்டத்தில் ஸ்பெயினை 2-1 என வீழ்த்தி வெண்கலம் வென்றதிலும் அவருக்குப் பங்கு உண்டு.