அது சாக்கடை இல்லை, கால்வாய்

ஊட்டியில் நம் கோடப்பமந்து கால்வாயை மூடி வண்டி நிறுத்தலாமா என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நான் மூன்று நாளாக வாயே திறக்கவில்லை. கோபத்தோடு எழுதினால் வார்த்தை தடித்துவிடும் என்று தள்ளிப்போட்டேன். இன்று காலை நடந்துவிட்டு வந்து டீ போட்டுக் குடித்தும் மனசு ஆறவில்லை. அதனால் எழுதியே விடுகிறேன்.

பார்க்கிங் பேச்சு வந்தபோது கடைக்கார அண்ணன் ஒருவர் எழுந்து, "அந்தச் சாக்கடை மேல ஸ்லாப் போட்டு மூடிட்டா அம்பது வண்டி நிறுத்தலாங்க" என்றார். சரி, அது அவர் யோசனை, சொல்லட்டும். பின்னாலிருந்து யாரோ, "அங்க வாக்கிங் போறவங்க கோவிச்சுக்குவாங்களே" என்றார்கள். அதற்கு அண்ணன் சொன்ன பதில்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. "சாக்கடை ஓரத்துல நடக்கிற நாலு பேருக்காக ஊரு நிக்குமா?" கூட்டமே சிரித்தது. அந்த நாலு பேரில் ஒருத்தி நான், மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தெரிந்தவர்களும் சிரித்தார்கள். அதைப் பார்த்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது சாக்கடை இல்லை. கோடப்பமந்து கால்வாய். அதற்குப் பெயர் இருக்கிறது. மந்து என்றால் தோடர் பழங்குடிகளின் குடியிருப்பு என்று ஊட்டியில் பிறந்த சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நம் ஊருக்குக் குடிதண்ணீர் தரும் இடங்களைச் சொல்லச் சொன்னால் பார்சன்ஸ் வேலி, மார்லிமந்து, டைகர் ஹில், தொட்டபெட்டா என்று சொல்லிக்கொண்டே போவோம். அந்த வரிசையில் கோடப்பமந்தும் இருக்கிறது, மேல் அணை, கீழ் அணை என்று இரண்டு. மேலே நிற்கிறபோது அதே பெயரைச் சொல்லிக் குடத்தில் பிடித்துக் குடிக்கிறோம். ஊருக்குள் இறங்கி வந்ததும் சாக்கடை என்கிறோம். மேலே இருந்த தண்ணீர் கீழே வருவதற்குள் அதில் எதையெல்லாம் கலந்தோம், கலந்தது யார் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

சாக்கடை என்று சொல்லிப் பழகிவிட்டால் அதில் எதை வேண்டுமானாலும் கொட்டலாம், மூடலாம், மேலே வண்டி நிறுத்தலாம். மனசு உறுத்தாது. கால்வாய் என்று சொன்னால் கொட்டுவதற்குக் கை கொஞ்சமாவது தயங்கும். அதனால்தான் இந்த ஒரு வார்த்தைக்காக இவ்வளவு எழுதுகிறேன்.

நான் எதற்காக அங்கே நடக்கிறேன் என்று கேட்கிறவர்களுக்கும் சொல்கிறேன். ஊட்டியில் சமதளம் எங்கே இருக்கிறது? வாசலை விட்டு இறங்கினால் படி, படி முடிந்தால் ஏற்றம், ஏற்றம் முடிந்தால் இறக்கம். தண்ணீர் பள்ளத்தைத் தேடித்தான் ஓடும். அது ஓடுகிற ஓரம் மட்டும்தான் இந்த ஊரில் ஓரளவுக்கு மட்டமாக இருக்கிறது. முட்டி தேய்ந்தவர்கள், இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், இடுப்பில் ஆபரேஷன் ஆனவர்கள் எல்லாரும் அங்கே வருவது அதனால்தான்.

என் அப்பாவும் அப்படித்தான் வந்தார். மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். கேரட், பீட்ரூட், முள்ளங்கி மூட்டைகளை முப்பது வருஷம் முதுகில் ஏற்றி இறக்கிய மனுஷனுக்கு ஒருநாள் காலையில் வலது பக்கம் இழுத்துக்கொண்டது. மூன்று வாரம் கழித்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். "தினமும் மட்டமான இடமாப் பார்த்து நடக்க வைங்க" என்றார் டாக்டர். எங்கள் வீடு முப்பத்தெட்டுப் படிக்கு மேலே. தம்பி அப்பாவை முதுகில் சுமந்து கீழே இறக்குவான். மூட்டை சுமந்தவரை மகன் சுமந்து வருவதைப் பார்க்கும்போது எனக்கு என்ன செய்யும் என்று எழுதத் தெரியவில்லை.

கால்வாய் ஓரத்துக் கம்பித் தடுப்பைப் பிடித்துத்தான் அப்பா மறுபடி நடக்கப் பழகினார். டிசம்பர் மாதம். புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். வெறும் கையால் கம்பியைத் தொட்டால் சுட்ட மாதிரி இருக்கும். என் பழைய ஸ்வெட்டர் ஒன்றின் கையை வெட்டி, நுனியைத் தைத்து, அவர் இடது கைக்கு உறை போல மாட்டிவிட்டேன். கம்பிக்கு நடுவில் நடுவில் தூண் நட்டிருக்கும். அதை வைத்துத்தான் கணக்கு. முதல் நாள் நாலு தூண். அதற்குள் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது, அந்தக் குளிரில். பங்குனி மாதம் ஒருநாள் நின்று திரும்பிப் பார்த்து, "அறுபத்தொண்ணு" என்றார். பேச்சு அப்போதும் முழுசாகத் திரும்பவில்லை, "அழுபத்தொண்ணு" என்றுதான் வந்தது. எனக்குப் புரிந்தது.

நடந்து முடிந்ததும் சின்னப் பாலத்தின் திட்டில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே வாலாட்டிக் குருவி வரும். அடிவயிறு மஞ்சளாக, நீள வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, கல்லுக்குக் கல் தாவும். மழைக்காலம் முடிகிற சமயத்தில் இமயமலைப் பக்கத்திலிருந்து இவ்வளவு தூரம் பறந்து வந்து, குளிர்காலம் முழுக்க நம் ஓடைகளின் ஓரத்தில் இருந்துவிட்டுப் போகிற பறவை. அப்பாவுக்கு அதன் பெயர் தெரியாது, "வந்துட்டாரா நம்மாளு" என்பார். போன வாரம்கூட ஒன்று வந்து நின்றது. ஸ்லாப் மேல் அது எதைக் கொத்தித் தின்னும்?

உணர்ச்சிவசப்படுகிறாய் என்று சொல்வீர்கள். ஆமாம், படுகிறேன். ஆனால் சொல்வதில் நியாயமும் இருக்கிறது.

நாற்றம் அடிக்கிறதே என்கிறார்கள். அடிக்கிறது. மாசி, பங்குனியில் தண்ணீர் குறைந்து போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த நாட்களும் உண்டு. நான் மறைக்கவில்லை. அந்த நாற்றம் தண்ணீருடையது இல்லை, நாம் விட்டது. வீட்டுக் குழாய், லாட்ஜ் குழாய், கடைக் கழிவு. ஊரில் பாதாளச் சாக்கடை இருக்கிறது, காந்தலில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. கழிவுக் குழாயை அதில் சேர்ப்பதை விட்டுவிட்டு, மேலே மூடி போட்டால் நாற்றம் எங்கே போகும்? இந்தக் கால்வாய் போய்ச் சேருகிற ஊட்டி ஏரிக்கு நேராகப் போகும். நீங்கள் ஸ்லாப் மேல் நிறுத்திக் கொடுக்கிற காரில் வந்த அதே குடும்பம் போட் ஹவுஸில் டிக்கெட் எடுத்து அந்தத் தண்ணீரில்தான் படகு ஓட்டப் போகிறது. ஏரியில் ஆகாயத் தாமரை ஏன் மண்டுகிறது என்று வருஷா வருஷம் ஆச்சரியப்படுகிறோம். நாம் அனுப்புகிற கழிவுதான் அதற்கு உரம்.

இன்னொன்று. போன வருஷம் ஒருநாள் காலையில் ஒரு குழாயிலிருந்து நீல நிறத்தில் நுரை நுரையாகத் தண்ணீர் வந்து விழுந்துகொண்டிருந்தது. துணி வெளுக்கிற தண்ணீர். யாருடையது என்று இங்கே எழுதப் போவதில்லை. போட்டோ எடுத்தோம், நாங்கள் ஐந்து பேர் நேரில் போய்ச் சொன்னோம். ஒரு வாரத்தில் குழாயை மாற்றிவிட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்ததால் கேட்க முடிந்தது. ஸ்லாப்புக்கு அடியில் அது விழுந்திருந்தால் இன்றைக்கும் விழுந்துகொண்டிருக்கும், நாம் மேலே நின்று வர்க்கி சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

அப்புறம் மழை. 2009 நவம்பரை மறந்துவிட்டோமா? கேத்தியிலும் குன்னூர்ப் பக்கத்திலும் மண் சரிந்து எத்தனை உயிர் போனது? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இந்த மலையில் மழை அப்படித்தான் பெய்யும். நம் பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் இருக்கிற இடமெல்லாம் ஒரு காலத்தில் ஏரி. 1824 வாக்கில் கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடைகளைத் தேக்கி உண்டாக்கிய ஏரி இன்றைக்கு இருப்பதைவிடப் பெரியது. ஏரியைத் தூர்த்துத் தூர்த்து ஊராக்கினோம். பெருமழை பெய்தால் ரயில்வே பாலத்துக்கு அடியில் ஏன் தண்ணீர் நிற்கிறது என்று கேட்கிறோம். தண்ணீர் தன் பழைய வீட்டுக்கு வருகிறது, வேறென்ன. மிச்சம் இருக்கிற ஒரே வழி இந்தக் கால்வாய். அதற்கும் மூடி போட்டு, உள்ளே மண்ணும் பாட்டிலும் தெர்மாகோலும் அடைத்துக்கொண்டால் யார் எடுப்பார்கள்?

யார் எடுப்பார்கள் என்றுதான் கேட்கிறேன். திறந்து கிடந்தால் பொக்லைன் வந்து அள்ளும். மூடிவிட்டால் ஆள் இறங்க வேண்டும். 2013-லேயே சட்டம் போட்டு மனுஷனை இறக்கக் கூடாது என்று சொல்லியாகிவிட்டது. ஆனாலும் இறக்குகிறார்கள், சாகிறார்கள், பேப்பரில் படிக்கிறோம். என் சித்தப்பா அந்த வேலை பார்த்தவர். வீட்டுக்கு வந்தால் உள்ளே வர மாட்டார். வாசலில் நின்று, "ஒரு வாளி வெந்நீர் குடும்மா" என்று கேட்பார். ஊட்டிக் குளிரில், வெட்டவெளியில், இரண்டு தடவை குளித்த பிறகுதான் சோற்றில் கை வைப்பார். ஞாயிற்றுக்கிழமை சிரித்த யார் வீட்டுப் பிள்ளையும் அந்த ஸ்லாப்புக்கு அடியில் போகப் போவதில்லை. போகப் போவது யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லாருக்கும் தெரியும்.

குழந்தைகள் தவறி விழுந்துவிடும் என்று ஒரு அக்கா சொன்னார். கம்பி உடைந்த இடத்தில் கம்பி போடுங்கள். அதற்கு அது போதும்.

வியாபாரம் என்கிறார்கள். நான் மண்டியில் கணக்கு எழுதுகிறவள், வியாபாரம் தெரியாதவள் இல்லை. சீசனில் நாலு காசு பார்த்தால்தான் மழைக்காலத்தை ஓட்ட முடியும் என்பதும் தெரியும். ஆனால் கணக்கையே பாருங்கள். 2025 சீசனுக்கு ஊட்டிக்கு வர வார நாளில் 6000 வண்டி, சனி ஞாயிறு 8000 வண்டி என்று உயர் நீதிமன்றமே அளவு வைத்தது. எட்டாயிரம் வண்டிக்கு முன்னால் இந்த ஐம்பது இடம் எம்மாத்திரம்? காலை ஒன்பது மணிக்குள் நிரம்பிவிடும். ஐம்பத்தோராவது வண்டிக்கு அப்புறம் எதை மூடுவீர்கள்?

மே மாதம் வந்தால் நாம் எப்படி இருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். பால் வாங்கப் போனவர் முக்கால் மணி நேரம் கழித்து வருகிறார். கார்டனுக்கு டிக்கெட், போட் ஹவுஸுக்கு டிக்கெட். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்க் குளிரில் வேலை செய்து வயதானவர்கள் காசு கொடுக்காமல், யாரையும் கேட்காமல் போய் நிற்க ஒரு இடம் வேண்டாமா? நாங்கள் மலை முழுக்கவா கேட்டோம்? ஒரு கால்வாயின் ஓரம். அதுவும் நாறுகிற ஓரம். அதைக்கூட விட்டுவைக்க மாட்டீர்களா?

நாலு பேர் என்றாரே, திங்கட்கிழமை நான் எண்ணினேன். காலை ஆறு மணியிலிருந்து ஏழரை வரை, பாலத்துத் திட்டில் உட்கார்ந்து, அப்பா தூண் எண்ணின மாதிரி ஒவ்வொருவராக எண்ணினேன். எழுபத்து மூன்று பேர். ரிட்டயர்டு டீச்சர், மப்ளரை மூக்கு வரைக்கும் சுற்றிக்கொண்டு வருகிறவர். காட்டேஜில் ரூம் பெருக்கப் போகிற அக்கா தங்கை. கண் ஆபரேஷன் ஆன தாத்தாவும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பேரனும். பேரன் கையில் ஸ்கூல் பை. வண்டி நிறுத்த இடம் இல்லையே என்று இவர்களில் யாருக்கும் கவலை இல்லை, வண்டியே இல்லை.

அண்ணா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களை இன்றைக்கும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன். அப்பா போனபோது முதல் ஆளாக வந்து, படியெல்லாம் இறக்கித் தோள் கொடுத்தவர் நீங்கள். அதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். அப்பா எந்தக் கம்பியைப் பிடித்து எழுந்து நடந்தார் என்பதும் உங்களுக்குத் தெரியும், உங்கள் கடை வாசலிலிருந்து பார்த்து, "இன்னிக்கு எத்தனை தூண், மாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இடத்தைச் சாக்கடை ஓரம் என்று சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்தது? வேறு யார் சொல்லியிருந்தாலும் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த கூட்டம் வருகிற ஞாயிறு பதினோரு மணிக்கு. நான் போகிறேன். டீச்சரும் இன்னும் மூன்று பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்றைக்குக் காலை ஆறரைக்குப் பாலத்துக்கிட்ட வாருங்கள். மூடலாம் என்பவர்களும் வாருங்கள், அண்ணா நீங்களும் வாருங்கள். ஒரு தடவை சேர்ந்து நடந்துவிட்டு, அப்படியே கூட்டத்துக்குப் போகலாம். குளிர் அதிகமாக இருக்கிறது, குல்லா போட்டுக்கொண்டு வாருங்கள்.