ஆய்வுக்கோவையை அடித்தவன் கேட்கிறேன்

2003 வாக்கில் நடந்தது. மதுரையில் ஒரு மாடி அறை, மூன்று கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், கழுத்து திரும்பாத ஒரு மேசை விசிறி. அதுதான் நான் வேலை பார்த்த டிடிபி சென்டர். காதுகுத்துப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி நோட்டீசும்தான் வழக்கமான பிழைப்பு. அங்கே ஒரு நாள் ஒரு கல்லூரியிலிருந்து ஆய்வுக்கோவை வேலை வந்தது. கணினியும் தமிழ்ச் சமூகமும் என்பது மாதிரி தலைப்பு. நாற்பது சொச்சம் கட்டுரைகள். பாதி கையெழுத்தில், பாதி பிளாப்பியில்.

கையெழுத்துப் பிரதிகளால் தொல்லையே இல்லை. பிளாப்பிதான் உயிரை எடுத்தது. ஒருவர் ஒரு பாண்ட்டில் அடித்திருந்தார், அடுத்தவர் இன்னொன்றில். அப்போதெல்லாம் ஒவ்வொரு பாண்ட் கம்பெனிக்கும் தனிக் குறியீடு, அதாவது கம்ப்யூட்டருக்குள் எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற கணக்கு. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ வரும். பாமினி என்ற பாண்ட்டில் அடித்த 'தமிழ்' என்ற சொல், பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். அந்தக் காலத்து ஆட்களுக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வரும். எனக்கு அப்போது வரவில்லை. திறக்காத கட்டுரைகளையெல்லாம் பிரிண்ட் எடுத்து வரச்சொல்லி, முதலிலிருந்து மறுபடி அடித்தேன். அப்படி மறுபடி அடித்தவற்றில் ஒன்று, 'தமிழ் எழுத்துருக்களுக்குப் பொதுக் குறியீடு வேண்டும், இல்லாவிட்டால் உழைப்பு வீணாகும்' என்று வாதாடும் கட்டுரை. இரண்டு ராத்திரி.

ப்ரூஃப் பார்க்க வந்த பேராசிரியர் எங்கோ ஓர் ஒற்று விட்டுப்போனதற்குக் கோபித்துக்கொண்டார். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கட்டுரை சொல்லும் பிரச்சினை நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில்தான் இருந்தது. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. வெளியீட்டு விழா அன்று கட்டுகளை இறக்கிவிட்டு, பில்லுக்குக் கையெழுத்து போடுகிறவர் வரும்வரை அரங்கின் கடைசியில் நின்றேன். மேடையில் ஒருவர், 'தொழில்நுட்பம் சாமானியனைச் சென்றடைய வேண்டும்' என்று பேசிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் இப்போது ஏன் ஞாபகம் வந்தது என்றால், அக்கா மகள் பொறியியல் முடித்துவிட்டு ஆராய்ச்சி, கட்டுரை என்று அலைகிறாள். கம்ப்யூட்டர் சமூகத்தை எப்படி மாற்றுகிறது, சமூகம் கம்ப்யூட்டரை எப்படி வளைக்கிறது என்று பேசும் கருத்தரங்குகள்தான் அவள் துறை. போன மாதம் ஒன்றுக்குத் துணைக்குப் போனேன். குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம். அவளுக்குக் கிடைத்தது ஏழு நிமிடம். அதைக்கூட மன்னிக்கலாம், தயிர் சாதம் நன்றாக இருந்தது. நாள் முழுக்க 'பயனர்', 'பயனர்' என்று பேசினார்கள். அந்தப் பயனர் ஒருவரைக்கூட நான் அங்கே பார்க்கவில்லை. சாப்பாட்டு டோக்கன் கொடுத்தவரைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

உடனே 'கருத்தரங்கு எல்லாம் வெட்டி' என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். தமிழ் ஆட்கள் அப்படிச் சொல்லவே கூடாது. இணையத் தமிழின் முன்னோடிகளில் ஒருவரான நா. கோவிந்தசாமி முன்னின்று 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடத்திய தமிழிணைய மாநாடும், அதன் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாடும் இல்லையென்றால் நாம் எங்கே இருந்திருப்போமோ. ஆளுக்கொரு பாண்ட்டாகக் கிடந்த காலத்தில், பல நாட்டுத் தமிழர்களை ஓரிடத்தில் உட்காரவைத்து 'ஒரு விசைப்பலகை, ஒரு குறியீடு' என்று பேசவைத்தது பெரிய காரியம். சென்னை மாநாட்டில் உருவானதுதான் தமிழ்99 விசைப்பலகை. 2000இல் உத்தமம் (உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம்) அமைப்பு பிறந்தது, பிறகு கோலாலம்பூர், கொலோன், டொரன்டோ என்று மாநாடு ஊர் ஊராகப் போனது. ஓர் அரங்கில் சிலர் கூடி எடுத்த முடிவு, கோடிப் பேரின் விரலுக்கு வேலை வைக்கும். அதனால்தான் அரங்கில் யார் உட்காருகிறார்கள் என்று கேட்கிறேன்.

தமிழ்99 கதையையே எடுத்துக்கொள்வோம். நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் முதல் பாடமான 'யளனகபக' அடித்து, லோயர், ஹையர் இரண்டும் முடித்தவன். அந்தப் பழைய முறை கண்ணுக்கானது. 'கொ' அடிக்க வேண்டுமென்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். தாளில் இடமிருந்து வலமாக எப்படித் தெரிகிறதோ அப்படி. தமிழ்99 காதுக்கானது. க அடித்து ஒ அடித்தால் கொ. உயிர் இடது கையில், மெய் வலது கையில். ம இரண்டு முறை அடித்தால் முதல் ம தானாகப் புள்ளி வாங்கிக்கொள்ளும், 'அம்மா' நான்கு தட்டில் முடிந்துவிடும். பின்னாளில் பழகியபோது, அசந்துபோனேன். மொழி தெரிந்தவர்கள் உட்கார்ந்து யோசித்த வேலை அது, சந்தேகமே இல்லை.

அப்படியானால் ஏன் எங்கள் தெருவில் யாருக்கும் தமிழ்99 தெரியாது?

என் பதில் இது. அரசு விசைப்பலகையை ஏற்றது. ஆனால் தட்டச்சுத் தேர்வு அதற்குப் பிறகும் பல்லாண்டுகள் பழைய இரும்பு எந்திரத்தில்தான் நடந்தது. தட்டச்சர் வேலைக்கு விண்ணப்பிக்க அந்தச் சான்றிதழ்தான் வேண்டும். கிராமத்திலிருந்து பஸ் ஏறி இன்ஸ்டிட்யூட்டுக்கு வரும் பெண்ணுக்கு எந்த விசைப்பலகை அறிவியல்பூர்வமானது என்ற கவலை எதற்கு? எதில் வேலை கிடைக்குமோ அதில் விரலைப் பழக்கினாள். அவளுக்காக மென்பொருள்காரர்கள் பழைய டைப்ரைட்டர் முறையையும் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தார்கள், அரசு அலுவலகங்களில் அதுதான் ஓடியது. கணினி சமூகத்தை வளைக்கப் பார்த்தது, சமூகம் தன் வேலைவாய்ப்புக் கணக்கை வைத்துக் கணினியைத் திருப்பி வளைத்தது. பெரிய பெரிய சொற்களில் கட்டுரையாளர்கள் சொல்வது இதைத்தான். எங்கள் இன்ஸ்டிட்யூட் மாஸ்டருக்கு இதை இரண்டு வரியில் சொல்லத் தெரியும். இந்த இரண்டு கட்சியின் சண்டைக்கு நடுவே போன் வந்து, பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழைப் பெறும் பழக்கத்துக்குப் போய்விட்டார்கள். இப்போது அதையும் விட்டுவிட்டு மைக்கில் பேசுகிறார்கள்.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த ஊர் டென்மார்க்கில் இருக்கிறது, ஆர்ஹுஸ். கணினியையும் சமூகத்தையும் பற்றி அங்கே பத்து வருடத்துக்கு ஒரு முறைதான் கருத்தரங்கு. 1975இல் ஆரம்பித்தது, கடைசியாக 2025இல் நடந்தது. மாதம் ஒரு சர்வதேசக் கருத்தரங்கு நடத்தும் நம்மூர்க் கல்லூரிகளுக்கு இது நெஞ்சுவலியைத் தரலாம். அந்த மரபின் வேர் ஆய்வகத்தில் இல்லை, தொழிற்சங்கத்தில் இருக்கிறது. நார்வேயில் கிறிஸ்டன் நைகார்ட் என்பவர், சிமுலா என்ற கணினி மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர், 1970களின் தொடக்கத்தில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். தொழிற்சாலைக்குள் கம்ப்யூட்டர் வந்தால் என்ன ஆகும் என்பதைத் தொழிலாளர்களே படித்து, அவர்களே பேரம் பேச வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அதன் அடுத்த கட்டம் எனக்கு இன்னும் நெருக்கமானது. 1981இலிருந்து 1985 வரை யுடோப்பியா என்ற பெயரில் ஒரு திட்டம். ஆராய்ச்சியாளர்களோடு டென்மார்க், நார்வே, சுவீடன் மாதிரியான நார்டிக் நாடுகளின் அச்சுத் தொழிலாளர் சங்கம் சேர்ந்தது. பத்திரிகைப் பக்கம் கட்டுகிற, எழுத்துக் கோக்கிற ஆட்கள், அதாவது என் ஜாதி ஆட்கள் (தொழிலைச் சொல்கிறேன்). அவர்களுக்கு வேண்டிய மென்பொருள் இன்னும் பிறக்கவில்லை. அதனால் அட்டையையும் பலகையையும் வைத்துப் போலிக் கருவிகள் செய்தார்கள். காலி அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் 'லேசர் பிரிண்டர்' என்று எழுதி மேசையில் வைத்துவிட்டு, தொழிலாளியை முன்னால் உட்காரவைத்து, 'இப்போது பக்கம் கட்டிக் காட்டுங்கள்' என்றார்கள். அவர் கை எங்கே போகிறது, எங்கே முனகுகிறார் என்று பார்த்துப் பார்த்து வடிவமைத்தார்கள்.

அட்டைப்பெட்டிக்கு முன்னால் என்னை யாரும் உட்காரவைக்கவில்லையே என்று இதை முதல்முறை படித்தபோது ஏக்கமாக இருந்தது, உண்மை. கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் திட்டத்தின் மென்பொருள் சந்தையை வெல்லவில்லை. திட்டம் முடிந்த அதே 1985இல் அமெரிக்காவிலிருந்து பேஜ்மேக்கர் வந்தது. என்னைக் கலந்து பேசாமல் வந்த, பக்கம் கட்டும் அந்த மென்பொருளில்தான் நான் பதினைந்து வருடம் சோறு தின்றேன். ஆகவே, தொழிலாளியைக் கூப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் வேலை செய்கிறவனின் முனகலும் ஓர் அறிவுதான் என்று அந்த நார்டிக் நாட்டுக் கருத்தரங்குகள் ஒப்புக்கொண்டன. அந்த வழக்கம் நிலைத்துவிட்டது.

நம்மூரில் இன்றைக்கு அந்த முனகலைக் கேட்க வேண்டுமென்றால் இ-சேவை மையத்துக்குப் போங்கள். எங்கள் பகுதி மையத்தில் ஒரு தங்கச்சி கவுண்டரில் இருக்கிறார். அவருக்குத் தெரிந்த கணினிச் சமூகவியல் எந்த ஆய்வுக்கோவையிலும் வராது. படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம், இரண்டையும் நிரப்பியே ஆக வேண்டும். நமக்கோ இனிஷியலும் ஒரு பெயரும்தான். யாரோ எங்கோ தன் ஊர் வழக்கத்தை உலக வழக்கம் என்று எண்ணிப் போட்ட கட்டம் அது. கடைசிப் பெயர் இல்லாத பாட்டி வந்தால் என்ன செய்வது? ஒரு படிவத்துக்கு அப்பா பெயர், இன்னொன்றுக்குப் புருஷன் பெயர், மூன்றாவதற்கு வெறும் புள்ளி. மூன்று ஆவணத்தில் மூன்று ஆளாகிவிட்ட பாட்டி, நாலாவது ஆவணத்துக்காக மறுபடி இதே கவுண்டருக்கு வருகிறார். எந்தப் படிவம் புள்ளியை ஏற்கும், எது ஏற்காது என்று அந்தத் தங்கச்சி ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அந்த நோட்டு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை.

இந்த மாதிரித் தடங்கல்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். அந்த 70இலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து, உலக மொழிகளின் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு ஐந்து, சேமிக்கும்போது 15 பைட். 1991இல் வந்த யூனிகோடு, இந்திய மொழிகளுக்கு ஏற்கனவே இருந்த ஒரு குறியீட்டின் அச்சைத் தமிழுக்கும் அப்படியே எடுத்துக்கொண்டது. இது சரியா தவறா என்று நம்மவர்கள் வருடக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். 2010இல் தமிழக அரசு யூனிகோடையும் ஏற்று, கூடவே எல்லா உயிர்மெய்க்கும் தனியிடம் தரும் டேஸ்16 என்ற குறியீட்டையும் ஏற்றது. பஞ்சாயத்தில் இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்தி அனுப்பிய கதைதான். இப்போது செயற்கை நுண்ணறிவு நாம் அடிப்பதைத் துண்டுகளாக (டோக்கன்) உடைத்துப் படிக்கிறது, அந்தத் துண்டுக் கணக்கில் காசு வாங்குகிறார்கள். ஒரே விஷயத்தைக் கேட்டாலும் ஆங்கிலத்தைவிடத் தமிழ் அதிகத் துண்டுகளாக உடைவது வழக்கம். அக்கா மகளின் கட்டுரை இதைப் பற்றித்தான். நல்ல கட்டுரை. ஏழு நிமிடத்தில் நாலரை நிமிடம் புரொஜெக்டர் சரிசெய்யப் போனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளிடம் அந்த நோட்டைப் பற்றிச் சொன்னேன். 'மாமா, இதைத்தான் நான் தேடிட்டு இருக்கேன்' என்று குதித்தாள். அடுத்த கருத்தரங்குக்கு இருவர் பெயரிலும் கட்டுரை அனுப்பலாம், கவுண்டர் அக்காவே வந்து பேசட்டும் என்று முடிவானது. அந்தத் தங்கச்சியிடம் கேட்டதும், 'லீவு போட்டா சம்பளம் புடிப்பாங்களேண்ணே, அதை யாரு குடுப்பா?' என்றார். பதிவுக் கட்டணம் வேறு. ஆய்வு மாணவர்களுக்குச் சலுகை உண்டு, பேராசிரியர்களுக்குக் கல்லூரியே கட்டிவிடும், கவுண்டர் ஊழியர் என்று ஒரு பிரிவே கிடையாது. கட்டணத்தை நான் ஏற்றுக்கொண்டேன். ஒரு நாள் சம்பளத்துக்கு இன்னும் வழி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நேற்று சாயங்காலம் அவர் மையத்திலேயே உட்கார்ந்து பதிவுப் படிவத்தை நிரப்பினோம். பெயர் போட்டாயிற்று. அடுத்த கட்டம், 'பணிபுரியும் கல்வி நிறுவனம்'. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். காலியாக விட்டால் நகரவில்லை. அக்கா மகள் விழித்தாள். கவுண்டர் தங்கச்சி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து ஒரு புள்ளி வைத்தார். ஏற்றுக்கொண்டது.